மூன்றடியில் மாட்டிய மாப்பிள்ளை

அத்தியாயம் 6

காலை பத்தரை மணிக்கு ஒரு செருப்புப் பெட்டி எங்கள் அலுவலகத்துக்குள் நுழைந்தது. அதற்குப் பின்னால் ஒரு மனிதர் நுழைந்தார். அவர் அதைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்து, உள்ளே ஒன்று பாம்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நகை இருக்க வேண்டும் என்று நான் முடிவு கட்டினேன். செருப்பு இருக்கலாம் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. இந்தத் தொழிலுக்கு வந்தால் புத்தி இப்படித்தான் போகும்.

எங்கள் அலுவலகம் ஓர் இஸ்திரிக் கடையின் மாடியில் இருக்கிறது. கீழே நாலு இஸ்திரிப் பெட்டிகள் நாள் முழுக்கக் கொதிக்கும். மேலே நாங்கள் கொதிப்போம். துப்பறிபவர் என் அண்ணி. நான் அவருடைய கொழுந்தன், உதவியாளன், வயது நாற்பத்திரண்டு. என்னை எதற்காக வைத்திருக்கிறார் என்று பலரும் அவரிடம் கேட்டிருக்கிறார்கள். என் அண்ணனும் கேட்டிருக்கிறான்.

"இங்க துப்பறியறவர் யாரு?" என்று வந்தவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அவங்க. நான் கூட இருந்து குழப்புறவன்."

அவர் அண்ணியின் பக்கம் திரும்பினார். "மேடம், எனக்கு ஒரு லெட்டர் வேணும். உங்க லெட்டர்பேடுல, முத்திரை குத்தி. இந்தக் கேமராவைக் கெடுத்தது அந்த ஐஸ்காரன்தான்னு நீங்க எழுதித் தரணும். நாலு மணிக்குள்ள."

"முடிவை நீங்களே கொண்டு வந்துட்டீங்க. நான் என்ன கண்டுபிடிக்கணும்?"

"காரணத்தை."

உட்கார வைத்து, விசிறியை அவர் பக்கம் திருப்பி, விஷயத்தைக் கறந்தோம். பெரிய தெருவில் இருக்கும் பட்டன் கடை அவருடையது. பெற்றோர் இல்லை. ஒரே தங்கை. கடைக்கு மேலேயே வீடு, அங்கே தங்கை தையல் மெஷின் வைத்துத் தைக்கிறாள். பழம், உருளைக்கிழங்கு வைக்கும் குளிர்பதனக் கிடங்கின் மேனேஜர் ஒருவருக்கு அவளைப் பேசி முடித்திருக்கிறார்கள். இன்றைக்கு நாலு மணிக்கு மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் தேதி குறிக்க வருகிறார்கள். நடுவில் இந்தக் கேமரா வந்து விழுந்திருக்கிறது.

"கிடங்கு ஆளுங்களை குரூப் போட்டோ எடுக்கணும்னு திங்கக்கிழமை வாங்கிட்டுப் போனான். நேத்து சாயங்காலம் கொண்டு வந்து கொடுத்தான். ஃபோகஸ் வளையம் நகரவே மாட்டேங்குது. 'மன்னிச்சுக்குங்க மச்சான்'ங்கறான். யாருக்கு யார் மச்சான்? தப்புப் பண்ணலைன்னா எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்?"

"நான் எங்க அண்ணிகிட்ட தினம் நாலு தடவை கேக்கறேன்" என்றேன்.

"நீங்க தினம் நாலு தப்புப் பண்றீங்க" என்றார் அண்ணி, என் பக்கம் திரும்பாமலே.

பட்டன் கடைக்காரர் மேஜையை நோக்கிக் குனிந்தார். "ஒரு கேமராவை ரெண்டு நாள் பத்திரமா வெச்சுக்கத் தெரியாதவன், என் தங்கச்சியை ஆயுசுக்கும் எப்படிப் பத்திரமா வெச்சுக்குவான்? நாலு மணிக்கு அந்த லெட்டரை அவங்க அம்மா முன்னாடி நீட்டுவேன். கல்யாணம் ரத்து."

கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. தலையைக்கூட ஆட்டிவிட்டேன். அப்புறம்தான், தங்கைக்கு ஃபோகஸ் வளையம் கிடையாதே என்று உறைத்தது.

செருப்புப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு துண்டு. துண்டுக்குள் இன்னொரு துண்டு. அதற்குள் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா ஒன்று, கறுப்பும் வெள்ளியுமாக, கட்டையும் குட்டையுமாக இருந்தது. கையில் வாங்கியபோது ஜில்லென்று இருந்தது. இரும்புச் சாமான் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு நான் செய்த முதல் தப்பு அது.

இந்த வகைக் கேமராவில் ஒரு வேடிக்கை உண்டு. கண் வைக்கிற ஜன்னலுக்கு நடுவே ஒரு சின்னக் கட்டம் தெரியும். அந்தக் கட்டத்துக்குள் எல்லாமே இரட்டை இரட்டையாக இருக்கும். லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டு பிம்பமும் நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றானால் தூரம் சரி, படம் தெளிவாக விழும்.

கண்ணை வைத்தேன். இரண்டு பட்டன் கடைக்காரர்கள் தெரிந்தார்கள். ஒருவரையே தாங்க முடியவில்லை என்று அவசரமாக வளையத்தைத் திருப்பினேன். அசையவில்லை.

"பலமாத் திருப்பாதீங்க!" என்று இரண்டு பேரும் கத்தினார்கள்.

"சரி சார், இது நகராது. நீங்க நகருங்க. என்னைப் பார்த்து மெதுவா நடந்து வாங்க" என்றேன்.

அவர் நடந்து வந்தார். இரண்டு மூக்கும் ஒட்டிக்கொண்டு ஒரே மூக்கானபோது அவர் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. அண்ணி வளையத்தில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்தார். மூன்றடி.

"அதேதான் மேடம்!" என்று பட்டன் கடைக்காரர் துள்ளினார். "மூணடி! குரூப் போட்டோன்னு சொல்லித்தானே வாங்கிட்டுப் போனான்? முப்பது பேரை மூணடியில நிறுத்தி எடுக்க முடியுமா? அப்ப மூணடியில நின்னது யாரு?"

அந்த 'யாரு'வில் ஒரு முழுநீளப் படத்துக்கான கதை இருந்தது.

அண்ணி கேமராவை வாங்கி, வெயில் விழுகிற ஜன்னல் கட்டையில் வைத்தார். "கேமரா உங்ககிட்ட எப்படி வந்துச்சுன்னு சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான், மனிதர் மடை திறந்தார். வாங்கிய கதை, துடைக்கிற கதை, இதுவரை இரவல் கேட்டுக் கிடைக்காமல் போனவர்களின் பட்டியல் என்று முக்கால் மணி நேரம் ஓடியது. நான் நடுவில் இரண்டு முறை தூங்கி, ஒரு முறை கனவும் கண்டேன்.

கண் விழித்தபோது அண்ணி கேமராவைக் கையில் எடுத்து, ஒற்றை விரலால் வளையத்தைத் திருப்பிக் கொண்டிருந்தார். அது இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வழுக்கிக்கொண்டு ஓடியது.

பட்டன் கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. நீங்க பேசினதைக் கேட்டுட்டிருந்தேன்."

"சார் பேச்சு அவ்ளோ சூடு" என்றேன்.

அண்ணி சட்டென்று என்னை நிமிர்ந்து பார்த்தார். வழக்கமான முறைப்பு இல்லை அது. ஏதோ மரியாதை மாதிரி இருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது.

*

"கேமரா சரியாயிடுச்சுன்னா கேஸ் முடிஞ்சுதே அண்ணி?"

"சரியாகல. இப்போதைக்கு சும்மா இருக்கு."

பட்டன் கடைக்குள் காலை வைத்ததும் எனக்குப் பல் தந்தியடித்தது. ஏ.சி. அப்படி ஓடியது. கடைக்காரர் கல்லாவில் மாட்டியிருந்த சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டார்.

"எதுக்கு சார் இவ்ளோ குளிரு?"

"பட்டனுக்கு வேர்க்கும். வேர்த்தா பளபளப்புப் போயிடும்."

நாற்பத்திரண்டு வருஷத்தில் வேர்த்த பட்டனை நான் பார்த்ததில்லை. சொல்லவில்லை. சுவர் முழுக்க, தரையிலிருந்து கூரைவரை, அட்டைப்பெட்டிகள். ஒவ்வொன்றிலும் பெரிய எழுத்தில் சீட்டு. எனக்கு எதிரே இருந்ததில் 'ஜிப் - கறுப்பு' என்று எழுதியிருந்தது. கை சும்மா இருக்காமல் திறந்தேன். உள்ளே அவருடைய மூக்குக் கண்ணாடி இருந்தது.

"அட, ரெண்டு நாளா தேடறேன்!" என்று வாங்கி மாட்டிக்கொண்டார். கொஞ்சம்கூடக் கூச்சப்படவில்லை. "நல்ல டப்பாவை யாராவது சும்மா வெப்பாங்களா? காலியானா கையில கிடைச்சதைப் போட்டு வெச்சுருவேன்."

டீ வந்தது. 'ஊக்கு' என்று எழுதிய டப்பாவிலிருந்து ஆளுக்கு இரண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கினார். நான் ஒரு வாய் குடித்தேன். கடலில் விழுந்தவன் குடிக்கிற மாதிரி இருந்தது.

"அது உப்பு அண்ணா. சர்க்கரை 'எலாஸ்டிக்'ல இருக்கு" என்று மாடிப்படியிலிருந்து ஒரு குரல் கேட்டது. தங்கை. கழுத்தில் அளவு நாடாவும் கண்ணில் அழுத களைப்புமாக நின்றாள். அண்ணனுக்கு யாரோ வாடிக்கையாளர் வந்த நேரம் பார்த்து அண்ணியின் பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, அவர் எதையும் முரட்டுத்தனமாத் திருப்பற ஆளே இல்ல. தண்ணி பாட்டில் மூடி திறக்கலைன்னாகூட, பரவாயில்லன்னு தாகத்தோட இருப்பாரு. எனக்கு முப்பத்திமூணு வயசாச்சு. இதுவரைக்கும் வந்த எல்லாரையும் அண்ணன் ஏதாவது சொல்லித் திருப்பி அனுப்பியாச்சு. ஒருத்தர் ரொம்ப உயரம், ஒருத்தர் தும்மல் சத்தம் பிடிக்கல. எதுக்கும் நான் ஒண்ணும் சொன்னதில்ல. இவரை எனக்குப் பிடிச்சிருக்கு அக்கா."

அண்ணி அவள் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். எங்கள் குடும்பத்தில் அண்ணி யார் கையையும் அப்படிப் பிடிப்பவர் அல்ல.

அதற்குள் கல்லாப்பெட்டி மேல் வைத்திருந்த கேமராவை நான் எடுத்துத் திருப்பினேன். மறுபடி மாட்டிக்கொண்டது. அரை மணி முன்னால் வழுக்கிய வளையம், இப்போது கட்டிய மாடு மாதிரி அப்படியே நின்றது.

"புரிஞ்சுபோச்சு அண்ணி" என்றேன். "கேமராவுக்கு இவரைக் கண்டா பயம். முதலாளி பார்த்துட்டிருந்தா விறைச்சுக்குது, அவர் பேச்சுல மெய்மறந்துட்டா இளகிடுது. நானும் முன்னாடி வேலை பார்த்த ஆபீஸ்ல இப்படித்தான் இருந்தேன்."

சோதனைக்காகப் பட்டன் கடைக்காரரைத் தெருமுனைவரை அனுப்பினோம். வளையம் அசையவில்லை. அவரைத் திரும்பக் கூப்பிட மறந்துவிட்டோம். பத்து நிமிஷம் கழித்து அவரே வந்தார்.

"ஆள் இல்ல தம்பி. இடம்" என்றார் அண்ணி. "கிளம்புங்க. கிடங்குக்குப் போகலாம்."

போகும் வழியில், வண்டியின் வெக்கையில், வளையம் ஜோராகச் சுற்றியது. அண்ணி அதைப் பார்த்துப் புன்னகை செய்தார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

*

கிடங்கின் வாசலில் மாப்பிள்ளை நின்றார். ஒல்லியான, கூச்ச சுபாவமுள்ள மனிதர். முழங்கால்வரை தொங்கும் தடித்த நீலக் கோட்டு. எங்களுக்கும் ஆளுக்கொரு கோட்டுக் கொடுத்தார். எனக்குக் கிடைத்ததில் இன்னும் இரண்டு பேர் குடித்தனம் இருக்கலாம்.

உள்ளே சுவரில் மாட்டியிருந்த வெப்பமானி நாலு டிகிரி காட்டியது. ஆப்பிள் பெட்டிகள் மலை மலையாக அடுக்கியிருந்தன. அண்ணி கேமராவை ஒரு பெட்டியின் மேல் வைத்துவிட்டுக் கேள்விகளை ஆரம்பித்தார்.

"கேமரா கீழே விழுந்துச்சா?"

"இல்ல மேடம்."

"முறுக்கினீங்களா?"

"இல்ல மேடம். இங்கதான் எடுத்துட்டிருந்தேன். முதல்ல நல்லாத்தான் திரும்புச்சு. அப்புறம் இறுகிக்கிட்டே வந்து நின்னுடுச்சு. குரூப் போட்டோ எடுக்கவே முடியல. முப்பது பேரும் தலை வாரிட்டு வந்தது வீணாப் போச்சு."

"மூணடியில எதைப் படம் எடுத்தீங்க?"

மாப்பிள்ளையின் காது சிவந்தது. அந்தக் குளிரில் அது பெரிய சாதனை.

"சொல்லிடுங்க. உங்க வருங்கால மச்சான் அங்க ஒரு பொண்ணை நிறுத்தி வெச்சுட்டாரு" என்றேன்.

"ஐயோ, பொண்ணெல்லாம் இல்லைங்க." கோட்டின் நெஞ்சுப் பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். "இதைத்தான்."

வரிசையாக நாலு நீலப் பட்டன்கள். நடுவில் ஐந்தாவதாக ஒரு சிவப்புப் பட்டன், அடை மாதிரி அகலமாக, பளிச்சென்று.

"போன வாரம் பட்டன் அறுந்து போச்சு. அவங்க தெச்சுக் கொடுத்தாங்க. எனக்குன்னு அவங்க கையால செஞ்ச முதல் வேலை. அதான் கோட்டைச் சுவர்ல மாட்டிட்டுக் கிட்டப் போய் ஒரு போட்டோ..." மீதியை அவர் விழுங்கிவிட்டார்.

கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, நாலு டிகிரியில் நடுங்கிக்கொண்டே ஒரு பட்டனைப் படம் எடுத்த மனிதரை நான் ஏற இறங்கப் பார்த்தேன். இவனுக்குப் பெண் கொடுக்காவிட்டால் வேறு யாருக்குத்தான் கொடுப்பது என்று எனக்கே கோபம் வந்தது.

"நீலக் கோட்டுக்கு ஏன் சிவப்பு?" என்றார் அண்ணி.

"நானும் கேட்டேன் மேடம். அண்ணன் கடையில 'பெரிய பட்டன் - நீலம்'னு எழுதின பெட்டியில இந்தச் சிவப்புதான் இருந்துச்சாம். இந்த அளவுல வேற எதுவும் கிடைக்கலையாம்."

அண்ணி அப்படியே நின்றுவிட்டார். ஐந்து நொடி. அவர் ஐந்து நொடி பேசாமல் நின்றால் யாரோ மாட்டினார்கள் என்று அர்த்தம்.

பிறகு கேமராவை எடுத்தார். வளையம் கல்லாகியிருந்தது. அதன் விளிம்பில் நூல் போல ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது.

"அன்னைக்கும் இது இருந்துச்சு மேடம். மெழுகுன்னு நெனச்சுத் துடைச்சேன்" என்றார் மாப்பிள்ளை.

"தம்பி, கோட்டைத் திறங்க. கேமராவைக் கக்கத்துல வெச்சுக்குங்க."

"யாரோட கக்கத்துல?"

"உங்களோட."

"அண்ணி, அது நாலு டிகிரி!"

"உங்க கக்கம் முப்பத்தாறு. போதும்."

வைத்தேன். நான் போட்ட சத்தத்தில் இரண்டு வரிசை தள்ளி யாரோ ஒரு பெட்டி ஆப்பிளைக் கீழே போட்டார்கள். ஆனால் உதவியாளன் என்றால் உதவ வேண்டும். கால் மாற்றிக் கால் மாற்றிக் குதித்தபடி ஒரு கால் மணி நேரம் அதை அடைகாத்தேன். மாப்பிள்ளை இரக்கப்பட்டு அவருடைய மப்ளரைக் கழற்றி என் தலையில் கட்டினார்.

கால் மணி கழித்து வெளியே எடுத்தபோது வளையம் இதமாகத் திரும்பியது. வெள்ளைக் கோட்டைக் காணோம். அது இருந்த இடத்தில் ஈரமாக ஒரு மினுமினுப்பு.

"விரல்ல தொட்டு மோந்து பாருங்க."

"என் கக்கத்துலேர்ந்து வந்த பொருளை நானே மோந்து பாக்கறதா?"

அண்ணியே தொட்டு முகர்ந்தார். "நல்ல வாசனை" என்றார்.

பாராட்டு எனக்குத்தான் என்று நினைத்துப் பெருமையோடு கோட்டைப் பூட்டினேன். அது அன்றைக்கு நான் செய்த நாலாவது தப்பு.

*

மணி நாலு. பட்டன் கடைக்கு மேலே, வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் ஒரு பக்கம். பட்டன் கடைக்காரர் எதிர்ப் பக்கம், புதுச் சட்டையும் பழைய கோபமுமாக. தங்கை தையல் மெஷின் பக்கத்தில் நின்றாள். நடுவில் கேமரா.

அண்ணி கைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்து மேஜையில் வைத்தார். "நீங்க கேட்ட லெட்டர். முத்திரையும் குத்தியாச்சு."

கடைக்காரர் கை நீட்டினார். அண்ணி உறை மேல் தன் கையை வைத்துக்கொண்டார்.

"முதல்ல ஒரே ஒரு கேள்வி. இந்தக் கேமராவுக்கு யார் கெடுதல் பண்ணாங்கன்னு எல்லாரும் கேட்டாச்சு. நான் வேற கேக்கறேன். யாராவது இதுக்கு நல்லது பண்ணீங்களா?"

தையல் மெஷின் பக்கமிருந்து மெல்லிய குரல் வந்தது.

"நான் பண்ணேன்."

பட்டன் கடைக்காரர் நாற்காலியோடு திரும்பினார்.

"வளையம் லேசா இறுக்கமா இருக்குன்னு அண்ணன் சொல்லிட்டே இருக்கும்" என்றாள் தங்கை. "படம் எடுக்கறப்ப இவர் கஷ்டப்படக் கூடாதேன்னு, குடுத்து விடறதுக்கு முந்தின நாள், மெஷின் ஆயில் ரெண்டு சொட்டு விட்டேன்."

"ரெண்டு சொட்டா?" என்றார் அண்ணி.

"நாலஞ்சு இருக்கும்."

அண்ணி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு ஸ்பூன்" என்றாள் தங்கை, தரையைப் பார்த்து.

"அந்த எண்ணெய்தான் உள்ளே போய்க் குளிர்ல உறைஞ்சிருக்கு" என்றார் அண்ணி. "கிடங்குல கல்லாச்சு. அங்கேர்ந்து நேரா உங்க கடை ஏ.சி.க்கு வந்துச்சு, இளகவே இல்ல. எங்க ஆபீஸ் ஜன்னல்லயும் தம்பியோட கக்கத்துலயும் இளகிடுச்சு. மாப்பிள்ளை மேல எந்தத் தப்பும் இல்ல."

மாப்பிள்ளையின் அம்மா என் கக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

நான் கை தட்டத் தயாரானேன். ஆனால் பட்டன் கடைக்காரர் எழுந்து நின்றார். முகத்தில் வெற்றி.

"மேடம், இருபது வருஷமா நான் மெஷின் ஆயில் விக்கறேன். மெஷின் ஆயில் உறையாது! ஐஸ்ல போட்டாலும் உறையாது! அப்ப என் தங்கச்சி மேல தப்பில்ல. இவன்தான் ஏதோ பண்ணியிருக்கான். லெட்டரைக் குடுங்க!"

மனிதர் சொன்னது நிஜம். எங்கள் வீட்டு மெஷின் ஆயில்கூட எந்தக் குளிரிலும் உறைந்ததில்லை. தங்கை உதட்டைக் கடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் பாதி எழுந்த நிலையில் நின்றார்.

"உண்மை. மெஷின் ஆயில் உறையாது" என்று அண்ணி ஒப்புக்கொண்டார். "அந்த பாட்டிலைக் கொண்டு வாங்கம்மா."

தங்கை மெஷினின் இழுப்பறையிலிருந்து நீண்ட மூக்கு வைத்த பாட்டிலை எடுத்து வந்தாள். 'தையல் மெஷின் ஆயில்' என்று அச்சடித்த சீட்டு. அண்ணி அதிலிருந்து ஒரு தட்டில் கொஞ்சம் ஊற்றி ஃப்ரிட்ஜின் மேல் தட்டில், ஐஸ் வைக்கும் இடத்தில் வைத்தார்.

"டீ சாப்பிடலாம்" என்றார்.

'எலாஸ்டிக்'கிலிருந்து சர்க்கரை போட்ட டீ. கால் மணி நேரம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்கு எனக்கு இரண்டாம் முறை தெரிந்தது. முதல் முறை கக்கம்.

அண்ணி தட்டை எடுத்து வந்து மேஜையில் வைத்தார். எண்ணெய் வெள்ளை வெளேரென்று கட்டியாகியிருந்தது. குனிந்தேன். வாசனை வந்தது. தினமும் காலையில் தலையில் தேய்த்துக்கொள்கிற வாசனை.

"தேங்காய் எண்ணெய்!" என்று கத்திவிட்டேன்.

"அதான் நான் தெச்ச ஜாக்கெட்டெல்லாம் தலை வாசனை அடிக்குதுன்னு ஒரு மாசமா எல்லாரும் சொல்றாங்களா!" என்றாள் தங்கை.

எல்லோரும் ஒரே ஆளைத் திரும்பிப் பார்த்தோம். பட்டன் கடைக்காரர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேங்காய் எண்ணெய் பாட்டில்ல மூடி உடைஞ்சு போச்சு" என்றார் கடைசியில். "இது காலியா இருந்துச்சு. நல்ல பாட்டில்... சும்மா வெப்பாங்களா..."

அண்ணி உறையை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் பிரித்துப் படித்தார். நான் எட்டிப் பார்த்தேன். இரண்டே வரி: 'இந்தக் கேமராவைக் கெடுத்தவர் பட்டன் கடைக்காரர். உடந்தை, அவர் வீட்டுப் பாட்டில்.' கீழே வட்டமாக முத்திரை.

"எப்ப எழுதினீங்க?" என்றார் ஈனஸ்வரத்தில்.

"சிவப்புப் பட்டனைப் பார்த்து, வளையத்துல தேங்காய் எண்ணெய் வாசனையை மோந்ததும். உங்க வீட்ல 'நீலம்'னா சிவப்பு, 'ஊக்கு'ன்னா உப்பு. மெஷின் ஆயில்னா மட்டும் மெஷின் ஆயிலா இருக்குமா?"

சிரிப்பு எனக்குத் தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் தங்கை சிரிக்கவில்லை. அண்ணனுக்கு எதிரே வந்து நின்றாள்.

"ஒரு எண்ணெயை அதோட பாட்டில்ல வெச்சுக்கத் தெரியாத நீங்க, என்னை மட்டும் யார் எப்படி வெச்சுக்குவாங்கன்னு பாக்கறீங்களா அண்ணா?"

அவர் தலை குனிந்தது. "வெச்சுக்குவான்னு எனக்குத் தெரியும். நல்லா வெச்சுக்குவான். அதுதான் பயம். கண்ணாடியை எங்க வெச்சேன், சர்க்கரையை எங்க வெச்சேன்னு நான் கேப்பேன், நீ மாடியிலேர்ந்து சொல்லுவே. நீ போயிட்டா நான் யாரைக் கேப்பேன்? ஏதாவது ஒரு சாக்கு கிடைக்காதான்னு பார்த்தேன். கேமரா கிடைச்சுது."

தங்கை அழுதுவிட்டாள். நானும் மூக்கை உறிஞ்சினேன். மப்ளர் இன்னும் என் தலையில்தான் இருந்தது, அதிலேயே துடைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "மச்சான், கிடங்குலேர்ந்து கடைக்கு நடந்தா பத்து நிமிஷம். சர்க்கரை எங்கன்னு அவங்க தினம் வந்து சொல்லிட்டுப் போகலாம். இல்லன்னா... ஒரு நாள் நான் வந்து சீட்டெல்லாம் மாத்தி எழுதிக் குடுத்துடறேன். கிடங்குல நாலாயிரம் பெட்டி இருக்கு. ஒண்ணுகூட இடம் மாறினதில்ல."

பட்டன் கடைக்காரர் நிமிர்ந்து அவரை முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தார். பார்வை கோட்டில் இருந்த சிவப்புப் பட்டனில் போய் நின்றது.

"இது என் கடைப் பட்டனாச்சே?"

"ஆமா மச்சான். மூணடியில நின்னது அதுதான்."

பட்டன் கடைக்காரர் கேமராவை எடுத்தார். "ரெண்டு பேரும் சேர்ந்து நில்லுங்க" என்று தங்கையிடமும் அவரிடமும் சொன்னார். கண்ணை வைத்து வளையத்தைத் திருப்பினார். அறை வெதுவெதுப்பாகத்தான் இருந்தது, வளையம் சொன்னபடி கேட்டது. "இரட்டையாத் தெரியுது... இருங்க... ம், ஒண்ணாயிடுச்சு" என்றார். "மாப்பிள்ளை, தலையை லேசா நிமிர்த்துங்க."

'மாப்பிள்ளை' என்று அவர் சொன்னதை அவரைத் தவிர எல்லோரும் கவனித்தோம்.

கிளம்பும்போது அண்ணி படியில் நின்று, "எண்ணெய் கண்ணாடிக்குப் பரவறதுக்குள்ள கேமரா மெக்கானிக்கிட்ட குடுத்துடுங்க. உள்ளே கழுவிட்டு அதுக்குன்னு இருக்கற கிரீஸ் போடுவாரு" என்றார். "அந்த கிரீஸ் டப்பாவை மட்டும் காலியானதும் கேட்டு வாங்கிட்டு வந்துடாதீங்க" என்றேன் நான்.

ஒரு வாரம் கழித்து அலுவலகத்துக்கு ஒரு பார்சல் வந்தது. கல்யாணப் பத்திரிகை, அதோடு ஒரு தகர டப்பா. டப்பாவின் மேல் புதுச் சீட்டு ஒட்டி, அழகான கிடங்குக் கையெழுத்தில் 'பிஸ்கட்' என்று எழுதியிருந்தது.

"திறக்காதீங்க அண்ணி" என்றேன். "ஆணி இருக்கும். இல்லைன்னா அவரோட மூக்குக் கண்ணாடி. அதுவும் இல்லைன்னா சோப்புத் தூள், நான் தும்மியே சாவேன்."

அண்ணி காதில் போட்டுக்கொள்ளாமல் மூடியைத் திறந்தார். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம்.

உள்ளே பிஸ்கட் இருந்தது.